எட்டோரே புகாட்டி

பந்தயக் கார் என்றதும் இது நமக்கெதற்கு என்று தோழியர் சிலர் பக்கத்தைப் புரட்டக்கூடும். சற்றுப் பொறுங்கள்!

எட்டோரே புகாட்டி 1881-ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தார். தந்தை கார்லோ கலையழகு மிக்க மரச்சாமான்கள் செய்வதில் புகழ் பெற்றவர். தம்பி ரெம்பிரான்ட் விலங்குகளைச் சிலையாக வடித்தவர். எட்டோரேயோ இயந்திரங்களை நாடினார். 1909-இல் அல்சேஸ் பகுதியில் மோல்ஸைம் என்னும் சிற்றூரில் தொழிற்சாலை தொடங்கினார்.

அவருக்கு அழியாப் புகழ் தந்தது 1924-இல் வந்த 35-ஆம் வகைக் கார். அதற்கு எட்டு சிலிண்டர்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் மூன்று வால்வுகள்: பெட்ரோல் கலந்த காற்று நுழைய இரண்டு, எரிந்த புகை வெளியேற ஒன்று. இந்த 24 வால்வுகளையும் மேலே சுழலும் ஒரே தண்டு இயக்கியது. முதல் பந்தயத்தில் டயர்கள் காலை வாரிவிட்டாலும், பின்பு 1925 முதல் 1929 வரை சிசிலித் தீவின் டார்கா புளோரியோ பந்தயத்தில் ஐந்து ஆண்டுகளும் புகாட்டிக்கே வெற்றி. 1928-இல் அதே மலைப்பாதையில் எலிஷ்கா யுன்கோவா என்ற செக் நாட்டுப் பெண்மணி 35பி காரை ஓட்டி ஐந்தாவதாக வந்தார் என்பதை நாம் பெருமையுடன் குறித்துக்கொள்வோம்.

எட்டோரே பிடிவாதக்காரர். காற்றை அழுத்தி உட்செலுத்தும் சூப்பர்சார்ஜரையே முதலில் அவர் விரும்பவில்லை. ஆனால் 1929-இல் லியோன் டுரே என்ற அமெரிக்கர் இரண்டு மில்லர் கார்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். ஒன்றரை லிட்டர் எஞ்சின்தான், வேகமோ வியக்கத்தக்கது. எட்டோரே தம் கார்கள் மூன்றைக் கொடுத்து அவ்விரண்டையும் வாங்கி, பிரித்து ஆராய்ந்தார். பெரும்புகழ் பெற்ற ஒருவர் மற்றவரின் வேலையைப் பிரித்துப் பார்த்துக் கற்பது எளிதா என்ன?

அதன் பயன் 1931-இல் வந்த 51-ஆம் வகை. எஞ்சினின் அடிப்பகுதி பெரும்பாலும் 35பி-யினுடையதே. அளவும் அதே 2262 சி.சி. தலைப்பகுதி மட்டும் வேறு. தண்டுகள் இரண்டு, வால்வுகள் 24-க்குப் பதில் 16. வால்வு குறைந்தும் வலிமை கூடியது எப்படி? முன்பு நேராக நின்ற வால்வுகள் இப்போது இருபுறமும் சாய்ந்து நின்றன. எனவே அவற்றைப் பெரிதாக வைக்க முடிந்தது. காற்றும் தடையின்றிப் பாய்ந்தது. அவ்வாண்டே பிரெஞ்சு கிராண்ட் பிரி பந்தயத்தில் அக்கார் வென்றது.

இம்மாற்றத்தில் மகன் ழானுக்குப் பெரும் பங்குண்டு. அந்த ழான், 1939 ஆகஸ்டு 11 அன்று காரைச் சோதித்து ஓட்டுகையில், எதிர்ப்பட்ட சைக்கிள்காரர் மேல் மோதாதிருக்கத் திருப்பி, மரத்தில் மோதி முப்பதே வயதில் மாண்டார். சில வாரங்களில் உலகப்போர் மூண்டது. எட்டோரே 1947-இல் பாரிஸில் காலமானார். மோல்ஸைமுக்கு அருகே டோர்லிஸ்ஹைம் கல்லறைத் தோட்டத்தில் தந்தையும் மகனும் துயில்கின்றனர்.