தாமே வழி கண்ட தமிழர்: பேராயர் அசரியா

இரயில்வே அலுவலில் இருக்கும் எனக்கு நிலையங்களின் பெயர்கள் நாள்தோறும் கண்ணிற்படுவன. பெரும்பாலானவை கண்டவுடன் மறந்து போகும். டோர்ணக்கல் சந்திப்பு என்னும் பெயர் மட்டும் அவ்வாறு மறப்பதில்லை. வாரங்கல்லுக்கும் விஜயவாடாவுக்கும் இடையே, நிலக்கரிச் சுரங்கங்களுக்குக் கிளைப்பாதை பிரியும் இடம் அது. முன்னாளில் நிஜாமின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இன்று தெலங்கானா மாநிலத்தில் உள்ளது. அந்தத் தெலுங்கு மண்ணில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழர் ஒருவர் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து, அங்கேயே கண்மூடினார். அவரே பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. நம் சங்கத்துக் குடும்பங்கள் சமயத்தால் வேறுபட்டன ஆயினும், பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம் அனைவர்க்கும் அவர் வரலாறு பயன் தருவதாகும்.

அசரியா 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம் குருவானவராகப் பணி புரிந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்த பிள்ளையைத் தாயார் கண்டிப்போடும் பக்தியோடும் வளர்த்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றும், தேர்வுக் காலத்தில் நேர்ந்த நோயினால் பட்டம் பெறாமலே வெளிவந்தார். பட்டம் இல்லையே என்று அவர் சோர்ந்திருந்தாரில்லை. 1895-இல் ஒய்.எம்.சி.ஏ. என்னும் வாலிபர் சங்கத்தில் செயலாளர் பணி ஏற்றுத் தென்னாடெங்கும் சுற்றினார். 1898-இல் வரதட்சிணையும் ஆடம்பரமும் இன்றி அன்பு மாரியம்மாளை மணந்தார். அவ்வம்மையார் அந்நாளிலேயே கல்லூரி கண்ட பெண்மணி.

1902-இல் யாழ்ப்பாணம் சென்றது அவர் வாழ்வில் ஒரு திருப்பம். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பொருள் திரட்டித் தங்கள் ஊழியரைக் கடல் கடந்து தமிழகத்துக்கு அனுப்புவதை அறிந்து அவர் நாணினார். திருநெல்வேலித் திருச்சபை அதனினும் பெரியது. தலைமுறை பல கண்டது. ஆயினும் பள்ளிக்கும் கோவிலுக்கும் ஊழியரின் சம்பளத்துக்கும் அயல்நாட்டாரின் கையையே எதிர்பார்த்திருந்தது. பணி செய்ய விரும்பிய இளைஞரும், யாரேனும் வெள்ளைக்காரத் துரை அழைத்து வேலை கொடுப்பார் என்று காத்திருந்தனர். பிறர் திறக்கும் கதவுக்காகக் காத்திருப்பதைவிட நாமே ஒரு வாயிலை அமைப்பது மேல் என்று அசரியா துணிந்தார்.

ஊர் திரும்பியவர் நண்பர்களைக் கூட்டினார். 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஊழியரும் இந்தியர், பொருளும் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பதே அதன் கொள்கை. அயலாரிடம் ஒரு காசும் பெறுவதில்லை என்று உறுதி பூண்டனர். மறு ஆண்டிலேயே சாமுவேல் பாக்கியநாதன் என்பவர் முதல் ஊழியராக டோர்ணக்கல் வட்டாரத்துக்கு அனுப்பப்பட்டார். 1905-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் வங்கத்துச் சீராம்பூரில், கே. டி. பால் முதலியோருடன் கூடித் தேசிய மிஷனெரி சங்கத்தையும் நிறுவினார்.

ஆனால் சங்கம் அமைப்பது எளிது. ஆள் போவதே அரிது. மற்றவரைப் போகுமாறு ஊர் ஊராக வேண்டியவர், தாம் மட்டும் நகரத்தில் உயர்ந்த பதவியில் இருப்பது முறையோ என்று தம் நெஞ்சையே கேட்டார். 1909-இல் அப்பதவியைத் துறந்து, குருப்பட்டம் பெற்று, குடும்பத்தோடு டோர்ணக்கல் சென்றார். அது வழிகளும் வசதிகளும் குறைந்த நாட்டுப்புறம். பேசும் மொழியோ தெலுங்கு. முப்பத்தைந்து வயதில் அவர் சிறுபிள்ளை போல் எழுத்துக் கூட்டத் தொடங்கி, பின்னாளில் தெலுங்கிலேயே நூல்கள் எழுதும் அளவுக்குத் தேர்ந்தார்.

1910-இல் ஸ்காத்லாந்து நாட்டு எடின்பரோவில் நடைபெற்ற உலக மாநாட்டில் அவர் அஞ்சாது பேசினார். அயல்நாட்டு ஊழியர் உழைப்பும் பொருளும் தந்தது மெய். அவற்றினும் மேலாக எங்களுக்குச் சமமான நட்பைத் தரவேண்டும் என்பதே அவர் கருத்து. கேட்டவருள் மகிழ்ந்தோரும் உண்டு. முகம் சுளித்தோரும் உண்டு. 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அந்நிலை எய்திய முதல் இந்தியர் அவரே. இந்தியர் ஒருவரின் கீழ்ப் பணிபுரிவதா என்று வெள்ளையருள் சிலர் தடுத்தனர். நம்மவருள்ளும் சிலர் பொறாது எதிர்த்தனர். அவர் சொல்லால் மறுமொழி கூறாது செயலால் கூறினார்.

அவர் பணியின் பெரும்பயன் தாழ்த்தப்பட்ட ஏழை மக்களையே சேர்ந்தது. ஏழைகளாதலின் கொடுக்க இயலாது என்பதை அவர் ஒப்பவில்லை. உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைக்கும் பிடியரிசிக் காணிக்கையை இல்லந்தோறும் பழக்கினார். ஞானஸ்நானம் பெறுவோர் ஒவ்வொருவரையும் தம் தலைமேல் தாமே கைவைத்து, பெற்றதைப் பிறர்க்கும் அறிவிப்பேன் என்று உறுதி சொல்லச் செய்தார். அவர் காலத்திலேயே அம்மண்டலத்தில் சபையார் 2 லட்சத்துக்கு மேற்பட்டனர். நம் நாட்டுக் கட்டட முறைகளைத் தழுவி எழுந்த டோர்ணக்கல் பேராலயம் 1939-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. காந்தியடிகள் மதமாற்றப் பணியை ஏற்காது கருத்து மாறுபட்டதும் உண்டு. ஆயினும் கிறிஸ்தவருக்குத் தனித் தொகுதி வேண்டா என்று வாதாடிய தேசாபிமானி அசரியா.

1945-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அவர் காலமானார். அவர் பெரிதும் உழைத்த சபைகளின் ஒற்றுமை, 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபையாக மலர்ந்தது. அதனைக் காண அவர் இல்லை.

அன்பர்களே! இவ்வரலாற்றை எழுதுகையில் என் உள்ளம் என்னையே சுட்டியது. பெங்களூருக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகியும், கன்னடத்தில் கடைக்காரரோடு பேசுவேனே அன்றி ஒரு கடிதம் படிக்க அறியேன். நம் காலனிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு ஒன்று வேண்டும் என்று நாம் பேசியதும் பலமுறை; யார் தொடங்குவார் என்று கலைந்ததும் பலமுறை. யாரேனும் தொடங்கட்டும் என்று அசரியா காத்திருந்தால், டோர்ணக்கல் எனக்கும் வெறும் நிலையத்தின் பெயராகவே இருந்திருக்கும். இவ்வாண்டு விழா முடிந்த மறுவாரமே, ஒரு பாயும் ஒரு விளக்கும் நான் கொண்டு வருகிறேன். தமிழும் கன்னடமும் கற்கவும் கற்பிக்கவும் விரும்புவோர் உடன் வருக!