இங்கிலீஷ் கிராமர் இம்போசிஷன்: 3வது முறை எழுதாமல் எழுந்துபோன திருச்சுழி மாணவர்... ரமண மகரிஷியின் பள்ளிக்கூடக் கதை

பரீட்சை வந்தாலே இங்கிலீஷ் பாடம்தான் பல மாணவர்களுக்குப் பயம். கதையைப் படிச்சிடலாம். ஆனா உவமை எது, உருவகம் எதுன்னு கேட்டா கை நடுங்கும். 130 வருஷங்களுக்கு முன்னாடியும் இதே கதைதான். அப்படி ஒரு கிராமர் பாடத்தைப் படிக்காமல் போய் தண்டனை வாங்கிய மாணவர்தான், பின்னாளில் உலகமே தேடி வந்த ரமண மகரிஷி.

யார் இந்த வேங்கடராமன்?

அருப்புக்கோட்டை பக்கத்தில், கரிசலும் கண்மாயுமாக இருக்கிற வறண்ட பூமியில் உள்ள ஊர் திருச்சுழி. பூமிநாதர் கோயில் உள்ள இந்த ஊரில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தவர் வேங்கடராமன். அப்பா சுந்தரம் ஐயர், ஊரில் வழக்காடுபவர். அம்மா அழகம்மாள்.

ஆரம்பப் படிப்பு திருச்சுழியில். பிறகு திண்டுக்கல். 1892ல் அப்பா இறந்ததும் குடும்பம் பிரிந்தது. வேங்கடராமனும் அண்ணன் நாகசாமியும் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டுக்குப் போனார்கள். அங்கே ஸ்காட் நடுநிலைப் பள்ளி, அடுத்து அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி.

மக்கு மாணவர் இல்லை. ஒருமுறை கேட்டால் மனதில் நிற்கும் அளவுக்கு ஞாபக சக்தி. ஆனா உட்கார்ந்து படிக்கிற பழக்கம் கிடையாது. விளையாட்டில்தான் ஆர்வம்.

1896 ஜூலையில் என்ன நடந்தது?

அப்போது வயது 16. உடம்பில் எந்த நோயும் இல்லை. சித்தப்பா வீட்டு மாடியில் தனியாக இருந்தபோது, திடீர்னு சாகப்போகிறோம் என்கிற பயம் பிடித்தது. யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல அசையாமல் படுத்து, உடம்பு செத்தால் சாவது யார் என்று தனக்குள்ளேயே விசாரித்தார். உடம்பு வேறு, தான் வேறு என்ற தெளிவு வந்தது. அதன்பிறகு பாடப் புத்தகத்தில் மனம் ஒட்டவே இல்லை.

அந்த கிராமர் புத்தகம் யாருடையது?

அலெக்சாண்டர் பெயின் எழுதியது. ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் தர்க்கமும் இங்கிலீஷும் கற்பித்த பேராசிரியர். உவமை, உருவகம் போன்ற அணிகளை வகைப்படுத்திப் பாடமாக எழுதியவர். இன்னொரு விஷயமும் உண்டு. மனம் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் பெயினின் முக்கிய ஆராய்ச்சி. மனதைப் பற்றி ஆராய்ந்தவரின் இலக்கணப் பாடத்தை, மனம் என்றால் என்ன என்று தேடிப் போன பையன் மூடி வைத்தான்.

1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை

பாடம் படிக்காததற்குத் தண்டனையாக, பெயின் இலக்கணப் பாடத்தை 3 முறை எழுதி வரச் சொல்லியிருந்தார் ஆசிரியர். 2 முறை எழுதியாச்சு. 3வது முறை எழுதும்போது இதில் அர்த்தமே இல்லை என்று தோன்ற, நோட்டைத் தள்ளிவிட்டுக் கண்மூடி உட்கார்ந்தார். இப்படி இருக்கிற ஆளுக்குப் படிப்பும் வீடும் எதுக்கு என்கிற பொருளில் அண்ணன் குத்திக் காட்டினார். அந்தச் சொல் நியாயம்தான் என்று தம்பிக்குப் பட்டது.

ஸ்பெஷல் கிளாஸ் இருக்குன்னு சொல்லிக் கிளம்பினார். அப்படியே தன் கல்லூரிக் கட்டணத்தையும் கட்டச் சொல்லி 5 ரூபாய் எடுத்துக்கச் சொன்னார் அண்ணன். வேங்கடராமன் 3 ரூபாய் மட்டும் எடுத்தார். மீதி 2 ரூபாயோடு ஒரு கடிதத்தை வைத்துவிட்டு திருவண்ணாமலைக்குக் கிளம்பினார்.

கடிதத்தில் என்ன விசேஷம்?

சில வரிகளே உள்ள தமிழ்க் கடிதம். தந்தையைத் தேடிப் போவதாகவும், யாரும் வருத்தப்பட வேண்டாம், தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். அண்ணனின் கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை என்பதையும் மறக்காமல் குறிப்பிட்டார்.

இலக்கண மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கு. தொடக்கத்தில் நான் என்று தன்மையில் எழுதுகிறார். அடுத்த வரியிலேயே தன்னை இது என்கிறார். தன்மை படர்க்கையாகிறது, உயர்திணை அஃறிணையாகிறது. கடைசியில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெயரே இல்லை, கோடுதான். இடம், திணை என்று மனப்பாடம் செய்யும் இலக்கணம் எதற்குப் பயன்படும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ரயில், நடை எனப் பயணித்து, வழியில் காதுக் கடுக்கனை அடகு வைத்து, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தார்.

அப்போ படிப்பு தேவையில்லையா?

அப்படி எடுத்துக்கொண்டால் தப்பு. இந்தக் கதைக்கு ஒரு விலை இருக்கு. கணவரை இழந்த அழகம்மாளுக்கு, மகன் எங்கே இருக்கிறான் என்பது ஏறத்தாழ 2 ஆண்டுகள் தெரியவில்லை. தேடிவந்து அழைத்தும் அவர் திரும்பவில்லை. கடைசியில் 1916ல் அம்மாதான் மகனிடம் வந்து தங்கினார். 1922ல் இறந்த அவரது சமாதியைச் சுற்றித்தான் ரமணாசிரமம் வளர்ந்தது.

ரமணர் மொழியையும் விடவில்லை. பழனிசாமி என்ற அடியார் தமிழ் நூல்களைப் படிக்கச் சிரமப்பட்டபோது, அவருக்காகப் படித்து விளக்கினார். தமிழோடு சமஸ்கிருதம், தெலுங்கு, மலையாளத்திலும் செய்யுள் இயற்றினார். உள்ளது நாற்பது, அட்சரமணமாலை அவருடைய படைப்புகள். ஆசிரம நூல்களின் அச்சுப் பிரதிகளையும் தானே திருத்துவார்.

1938ல் அவரைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர், புகழ்பெற்ற ஆங்கிலச் சிறுகதை எழுத்தாளர் சாமர்செட் மாம். 1944ல் வெளியான அவரது ரேசர்ஸ் எட்ஜ் நாவலில் வரும் குரு பாத்திரம் ரமணரின் சாயலில் உருவானது. இங்கிலீஷ் பாடத்தைப் பாதியில் விட்டவரே ஒரு ஆங்கில நாவலின் பாத்திரத்துக்கு முன்மாதிரி ஆனார்.

1950 ஏப்ரல் 14 அன்று ரமணர் காலமானார். திருச்சுழியில் அவர் பிறந்த வீடு சுந்தர மந்திரம் என்ற பெயரில் இன்றும் பராமரிக்கப்படுகிறது.

அர்த்தம் புரியாமல் 3 முறை எழுதிய பாடம் மனதில் தங்காது. தேவை உணர்ந்து படித்தால் 4 மொழிகூட வசப்படும். ரமணரின் பள்ளிக்கூடக் கதை மாணவர்களுக்கும், இம்போசிஷன் கொடுப்பவர்களுக்கும் சொல்வது இதைத்தான்.