கென்னத் ஆண்டர்சன்

கென்னத் டக்ளஸ் ஸ்டுவர்ட் ஆண்டர்சன் (மார்ச் 8, 1910 – ஆகஸ்ட் 30, 1974) பெங்களூரில் வாழ்ந்த வேட்டையாளரும் எழுத்தாளரும் ஆவார். பழைய சேலம் மாவட்டக் காடுகளில் மனிதரைக் கொன்று தின்ற புலிகளையும் சிறுத்தைகளையும் தேடிச் சென்ற அனுபவங்களை ஆங்கிலத்தில் நூல்களாக எழுதினார். வட இந்தியாவில் ஜிம் கார்பெட்டுக்கு உள்ள புகழ் தென்னிந்தியாவில் இவருக்கு உண்டு.

இவரது கதைகளில் வரும் சேலம் மாவட்டம் இன்றைய சேலம் மாவட்டம் அன்று என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். அக்காலத்தில் தருமபுரி, ஓசூர், தேன்கனிக்கோட்டை, நாமக்கல் ஆகியவை அனைத்தும் ஒரே மாவட்டத்தில் அடங்கியிருந்தன. தருமபுரி 1965-இலும், நாமக்கல் 1997-இலும் தனி மாவட்டங்களாயின. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004-இல் பிரிந்தது. ஆண்டர்சனின் சவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் போன்ற இடங்களைச் சேலத்தின் இன்றைய வரைபடத்தில் தேடினால் கிடைக்காததற்கு இதுவே காரணம்.

வாழ்க்கை

ஐதராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்தார். இவரது குடும்பம் பல தலைமுறைகளாக இந்தியாவில் வாழ்ந்த ஸ்காட்லாந்து வழிக் குடும்பம். பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியிலும் புனித ஜோசப் கல்லூரியிலும் பயின்றார். சட்டம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டவர், படிப்பை முடிக்காமலே திரும்பிவிட்டார். அஞ்சல் தந்தித் துறையில் ஏறத்தாழ 15 ஆண்டுகளும், பின்னர் பெங்களூர் விமானத் தொழிற்சாலையிலும் பணியாற்றினார். வேட்டை இவருக்குத் தொழிலன்று. விடுமுறை நாட்களில் தமது ஸ்டுடிபேக்கர் காரில் காட்டுக்குப் புறப்படுவது வழக்கம். கன்னடமும் தமிழும் பேசத் தெரிந்ததால் கிராமத்தாரிடம் நேரடியாகவே விவரம் கேட்டறிய முடிந்தது. சின்னாற்றுப் பகுதியில் வாழ்ந்த பைரா, பென்னாகரத்து ரங்கா ஆகிய இருவரும் இவரது நூல்களில் திரும்பத் திரும்ப வருகின்றனர். காட்டை இவருக்குக் கற்றுக் கொடுத்தவர்களில் இவர்களுக்கு முதலிடம் தரலாம்.

1939 முதல் 1966 வரையிலான அரசுப் பதிவுகளின்படி இவர் சுட்ட ஆட்கொல்லிகள் 8 சிறுத்தைகளும் 7 புலிகளும் ஆகும். பெரும்பாலும் .405 வின்செஸ்டர் துப்பாக்கியையே பயன்படுத்தினார்.

சவளகிரிப் பெண்புலி

முதல் நூலில் இடம்பெற்ற இந்நிகழ்ச்சி, வேட்டை பற்றிய இவரது மனநிலையை நன்கு காட்டுகிறது. சவளகிரிக் காட்டில் இணையை இழந்த ஒரு பெண்புலி, வேறொருவர் சுட்ட குண்டால் காயம் மட்டுமே அடைந்து தப்பியது. காயத்தால் வழக்கமான இரையைப் பிடிக்க இயலாமல் போகவே, மனிதரைக் கொல்லத் தொடங்கியது. பல நாட்கள் அலைந்தும் அது அகப்படவில்லை. இறுதியில் சூளேகுண்டா கோயில் அருகே இரவில் அதன் குரலைக் கேட்ட ஆண்டர்சன், ஆண்புலியைப் போலக் குரல் கொடுத்தார். இணை அழைப்பதாக நம்பி வந்த புலி சுடப்பட்டு இறந்தது. கிராமங்கள் நிம்மதி அடைந்தன. ஆண்டர்சனோ, இந்த வெற்றியில் தமக்குப் பெருமை ஏதுமில்லை என்றே எழுதினார். பொழுதுபோக்காகச் சுட்டுக் காயப்படுத்திவிட்டுத் தேடாமல் போகும் வேட்டைக்காரரே பல ஆட்கொல்லிகளை உருவாக்குகின்றனர் என்ற கருத்து இவரது நூல்களில் பல இடங்களில் காணப்படுகிறது.

வேட்டையும் நாய்களும்

வேட்டையாளர் எல்லோரும் ஒரே விதமானவர் அல்லர். இங்கிலாந்தில் 1865-இல் பெட்போர்டுஷயரின் சவுத்ஹில் என்னுமிடத்தில் பாயிண்டர், செட்டர் வகைப் பறவை நாய்களுக்கான களப்போட்டி நடந்தது. அதன் பின்னர் நாய் வளர்ப்போர் இரு பிரிவாயினர். போட்டியை விரும்பியவர், தொலைவில் விரைந்தோடிப் பறவையை மோப்பம் பிடித்து அசையாமல் நிற்கும் நாயைத் தேடினர். சமையலறைக்குப் பறவை வேண்டியவரோ, துப்பாக்கிக்கு எட்டும் தொலைவிலேயே நிதானமாக வேலை செய்து, விழுந்த பறவையை எடுத்து வரும் நாயே போதும் என்றனர். இந்த விவாதம் மேலை நாடுகளில் இன்றும் ஓயவில்லை.

சேலம், நாமக்கல் சமவெளியில் நிலைமை வேறு. சோளக் கொல்லைகளிலும் வேலி முட்களிலும் கௌதாரி, காடை கிடைக்கும். நாட்டு மக்கள் அவற்றைப் பெரும்பாலும் கண்ணி வைத்தும் வலை விரித்தும் பிடித்தனர். தமிழகத்தின் கன்னி, சிப்பிப்பாறை நாய்கள் முயலைக் கண்ணால் கண்டு துரத்துபவை. பறவைக்கு முன் நின்று குறிகாட்டும் பழக்கம் அவற்றுக்குக் கிடையாது. எந்த நாய் சிறந்தது என்பது எந்த வேட்டை என்பதைப் பொறுத்தே அமைகிறது.

ஜிம் கார்பெட்டுடன் ராபின் என்ற ஸ்பேனியல் நாய் இருந்தது. ஆண்டர்சனின் கதைகளில் புகழ்பெற்ற நாயோ எந்த இனத்தையும் சேர்ந்ததன்று. தளி அருகே உள்ள கும்மளாபுரத்தில், அவரது கணக்கின்படி 42 பேரைக் கொன்ற சிறுத்தைக்காக இரவில் தெருவில் காத்திருந்தபோது, ஒரு தெருநாய்க் குட்டி அவரிடம் வந்து ஒட்டிக்கொண்டது. அவர் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு அருகிலேயே படுத்தது. சிறுத்தை நெருங்கியதை முதலில் உணர்ந்து எச்சரித்தது அக்குட்டிதான். காயம்பட்ட சிறுத்தையைத் தேட உதவியதும் அதுவே. பயிற்சி பெற்ற நாய்கள் செய்யும் வேலையைப் பயிற்சியே இல்லாத ஒரு குட்டி செய்தது என்பது வியப்புக்குரியது. ஆண்டர்சன் அதற்கு நிப்பர் எனப் பெயரிட்டுத் தம்முடன் வீட்டிற்கு அழைத்துச் சென்றார்.

நூல்கள்

நைன் மேன்-ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக் (1954), மேன் ஈட்டர்ஸ் அண்ட் ஜங்கிள் கில்லர்ஸ் (1957), தி பிளாக் பாந்தர் ஆஃப் சிவனிப்பள்ளி (1959) ஆகியவை முக்கியமானவை. ஜங்கிள்ஸ் லாங் அகோ இவர் இறந்த பின்னர் 1976-இல் வெளிவந்தது. இவரது விவரிப்புகளில் கதைக்காகச் சேர்க்கப்பட்டவையும் இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. பேய், மாந்திரீகம் பற்றிய பகுதிகளைப் படிக்கும்போது அந்த ஐயம் நியாயமானதாகவே தோன்றும். ஆயினும் ஊர்ப்பெயர்கள், ஓடைகள், காட்டுப் பாதைகள் ஆகியவற்றை இவர் மிகத் துல்லியமாகக் குறித்துள்ளார். இன்றும் அந்நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்குச் செல்லும் வாசகர்கள் உள்ளனர்.

இறுதிக் காலம்

பிற்காலத்தில் ஆண்டர்சன் துப்பாக்கியை விடக் கேமராவையே விரும்பினார். இரவில் காரிலிருந்து விளக்கடித்துச் சுடும் பழக்கத்தை வெறுத்தார். ஆனால் இவரது மகன் டொனால்டு, வேட்டை தடை செய்யப்படும் வரை அதை விட்டுவிடவில்லை. இவ்விஷயத்தில் ஒரே வீட்டில் தந்தையும் மகனும் இரு வேறு விருப்பம் உடையவராயிருந்தனர். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டது. புலிக்கு மட்டுமன்றிக் கௌதாரிக்கும் அச்சட்டம் பாதுகாப்பு அளித்தது. அதன் பிறகு இரண்டு ஆண்டுகளில் ஆண்டர்சன் புற்றுநோயால் காலமானார். டொனால்டு 2014-இல் மறைந்தார்.