மலைநாட்டு வாக்கைத் தேடிய நடேசய்யர்

சட்டசபை ஆசனம் வேண்டி நின்றோர் இந்நாட்டிற் பலர். உழைக்குங் குடும்பத்தின் உலையரிசியைப் பேசி வாக்குக் கேட்டு, அவ்வுழைப்பாளர் இட்ட வாக்கினாலேயே வென்றவர் மிகச் சிலர். அச்சிலருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் கோ. நடேசய்யர் என்பது என் கருத்து.

அவர் 1887ஆம் ஆண்டு தஞ்சை நாட்டிலே அந்தணர் குலத்திற் பிறந்தார். வணிகர்க்கென வர்த்தகமித்திரன் என்னும் பத்திரிகையை நடாத்தினார். வணிகர் தொடர்பாக ஈழத்துக்கு வந்தவர், மலைநாட்டிலே தம் நாட்டார் படும் பாட்டைக் கேள்வியுற்றார். தோட்டமோ துரைமாரின் தனியுடைமை. அயலான் உட்புகின் அத்துமீறல் வழக்கு. ஆகவே புடைவை வியாபாரி போல வேடம்பூண்டு லயங்களுட் சென்று நிலைமையை நேரிற் கண்டறிந்தார் என்பர். அரசர் மாறுவேடம் பூண்டு நகர்சோதனை செய்த கதைகளை நாம் மாணவர்க்குச் சுவைபடக் கூறுகிறோம். இந்த வேடத்தையும் அவற்றோடு சேர்த்துக் கூறலாம்.

அவர் அங்கே கண்டது கடன். தமிழகத்திலிருந்து புறப்படும்போதே வழிச்செலவு தொழிலாளியின் தலையிற் கடனாக ஏறிற்று. அக்கடனைக் குறித்த துண்டு கங்காணியின் கையில் இருந்தது. கடன் தீராமல் வேறு தோட்டம் செல்ல வழியில்லை. இத்துண்டு முறையை 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. எனினும் கங்காணியின் பிடி உடனே தளர்ந்துவிடவில்லை.

அவ்வாண்டிலேதான் தேசநேசன் பத்திரிகை தோன்றிற்று. பின்னர் 1924இல் தேசபக்தனைத் தொடங்கினார். கொழும்பிலே ஏ. ஈ. குணசிங்காவுடன் சேர்ந்து தொழிற்சங்கப் பணி செய்தார். இந்தியத் தொழிலாளர்பால் குணசிங்கா காட்டிய பகைமையால் அந்நட்பு நீடிக்கவில்லை. அவ்விரிசலே அவரை மலையேற்றிற்று எனலாம்.

1925ஆம் ஆண்டு அவர் சட்டநிரூபண சபைக்கு இந்தியர் பிரதிநிதியாகச் சென்றார். அக்காலத்து வாக்குரிமை பொருளும் கல்வியும் உடையார்க்கே உரியது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அதில் இடமில்லை. எவர் பொருட்டு அவர் சபையிற் பேசினாரோ, அவர்களுள் மிகப் பெரும்பாலார் அவருக்கு வாக்களித்திருக்க முடியாது. டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோதே இந்நிலை மாறத் தொடங்கிற்று. ஆயினும் இந்தியத் தொழிலாளர், நிலையாகக் குடியிருப்போர் என்பதைக் காட்டியே பெயரைப் பதிய வேண்டியிருந்தது. அவ்வாண்டு அட்டன் தொகுதியின் உறுப்பினராகிய பெரி. சுந்தரம் தொழில் மந்திரியானார். நடேசய்யர் அட்டனிலே அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார்.

அது தேயிலை விலை வீழ்ந்த காலம். 1929இல் வகுத்த குறைந்தபட்ச நாட்சம்பளம் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளைக்கும் ஒரு விகிதம் வகுத்திருந்தனர் என்பதை வாசகர் கவனிக்க. தந்தையின் கூலி மாத்திரம் குடும்பத்தைத் தாங்காது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அச்சம்பளத்தையும் வெட்டினர். நடேசய்யர் தெருவோரத்திலும் பட்டினத்திலும் கூட்டங் கூட்டினார். அவர் மனைவி மீனாட்சியம்மாள், மக்கள் அறிந்த மெட்டுக்களிலே தாமே பாட்டியற்றிப் பாடினார். படிக்கத் தெரியாத கூட்டத்துக்குப் பத்திரிகையைவிட அப்பாட்டே எட்டிற்று. தொழிலாளர் சட்டத்தையும் நடேசய்யர் எளிய தமிழில் நூலாக்கி வெளியிட்டார். அவர் நடையிலே இலக்கண வழு காண்பார் உளர். யானும் சில இடங்களிற் கண்டதுண்டு. பிரட்டுக்களத்திலே துரையின் முன் நிற்பவனுக்கு அந்நூல் பயன்பட்டது போல நம் உரைநூல்கள் பயன்பட்டதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1936ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் அட்டன் தொகுதியிலே நின்றார். இலங்கை முழுவதிலும் பதிவுபெற்ற இந்திய வாக்காளர் தொகை அப்போது ஒன்றரை இலட்சத்தை நெருங்கியிருந்தது. எழுத்தறியாதாரும் இனங்காணுமாறு வேட்பாளரை நிறங்களாற் குறிக்கும் வழக்கம் அக்காலத்தது. தோட்ட வாயில்கள் அடைத்திருக்க, ஆண்டுக்கணக்காகத் தெருவிலே நின்று பேசியதன் பயனை அன்று அவர் கண்டார். அரசாங்க சபை உறுப்பினரானார், தலவாக்கொல்லையில் எஸ். பி. வைத்திலிங்கம் வென்றார்.

சபையில் அவர் வழி எளிதன்று. கிராமச் சபைகளுக்கு வாக்களிக்கும் உரிமை தோட்டத்து இந்தியருக்கு இல்லை என்ற சட்டத்திருத்தம் 1937இல் வந்தது. 1939இல் மகப்பேற்று நன்மைச் சட்டமும், 1941இல் சம்பளச் சபைச் சட்டமும் அச்சபைக் காலத்திலேயே நிறைவேறின. இவற்றை ஒருவர் பெயரில் எழுதிவைப்பது நேர்மையாகாது. ஆனால் இவற்றுக்குரிய குறைகளை ஊரறியச் செய்தோருள் அவர் முன்னவர்.

1939இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றி, விரைவிலே தொழிலாளரைத் தன்பால் ஈர்த்தது. நடேசய்யர் அதனோடு இணங்கவில்லை. தனித்து நிற்கும் இயல்பே அவரை உயர்த்திற்று. பின்னர் அதுவே அவரை ஒதுக்கிற்று. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் காங்கிரசுக்கு ஏழு ஆசனங்கள் கிடைத்தன. புதிய பாராளுமன்றத்திலே நடேசய்யருக்கு இடம் இல்லை. அவ்வாண்டு நவம்பர் மாதம் அவர் காலமானார்.

மறு ஆண்டு குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தற் சட்டத்தைத் திருத்தி, மலைநாட்டுத் தொழிலாளரின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கினர். 1952ஆம் ஆண்டுத் தேர்தல் நாளிலே அட்டன் பகுதித் தோட்டங்களின் தொழிலாளருட் பெரும்பாலார் வாக்கின்றியே கொழுந்தெடுக்கச் சென்றனர்.