பந்தயச் சாரதி நுவோலாரி

மோட்டார்ப் பந்தயம் என்றதும், உயிரைத் துரும்பாய் எண்ணிக் கண்மூடித்தனமாய் ஓட்டுவோர்க்கே அதில் வெற்றி என்று கருதுவார் நம்மிற் பலர். மாணவரிடையே இக்கருத்து மிகுதி. இத்தாலி நாட்டிலே தோன்றிய தாசியோ நுவோலாரியையும் அவ்வகையினருள் ஒருவராகவே பலர் பேசிவந்தனர். அவர் வரலாற்றை ஊன்றி நோக்கின் உண்மை வேறாய்த் தோன்றும்.

வட இத்தாலியில், மந்துவா நகரை அடுத்த காஸ்தெல் தாரியோ என்னும் ஊரிலே 1892ஆம் ஆண்டு நவம்பர் 16ஆந் திகதி அவர் பிறந்தார். தந்தையாரும் அவர்தம் உடன்பிறந்தாரும் துவிச்சக்கரவண்டிப் பந்தயத்திற் பழகியவர்கள். உருவிற் சிறியரும் மெலிந்தவருமாகிய நுவோலாரி, முதல் உலகப் போரிலே இத்தாலியப் படையிற் சாரதியாய்ச் சேவை செய்து, 1920இல் மோட்டார்ச் சைக்கிளோடு பந்தயம் புகுந்தார். 1925இல் மொன்சா ஓடுபாதையில் அல்பா றோமியோக் கார் ஒன்றைச் சோதித்து ஓட்டும்போது விபத்துற்றார். அதன்பின் சில நாட்களுக்குள், உடலெங்கும் கட்டுக்களுடன் பிறரால் ஏற்றிவைக்கப்பெற்று, பியாங்கி மோட்டார்ச் சைக்கிளிற் பந்தயம் வென்றார்.

1930இல் மில்லே மிலியா என்னும் ஆயிரமைல் ஓட்டத்தில், மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட சராசரி வேகத்துடன் முதல்வரானார். விளக்குகளை அணைத்துவிட்டு இருளிற் பின்தொடர்ந்து, வார்சி என்பாரை ஏமாற்றி முந்தினார் என்பது இதுபற்றி வழங்குங் கதை. வார்சிக்குப் பின்னரே புறப்பட்டவராதலின், காலக்கணக்கில் அவர் முன்னமே முந்தியிருந்தார். விளக்கை அணைக்க வேண்டிய தேவை யாது? கதை சுவையானது, ஆயினும் அதனை நான் முற்றும் நம்பேன்.

அவர்தம் ஓட்டுமுறையை அருகிருந்து கண்டவர் என்சோ பெராரி. 1931இல் ஒரு பந்தயப் பயிற்சியின்போது நுவோலாரியின் பக்கத்தாசனத்தில் அமர்ந்து சென்றார். பிறர் வளைவிலே வேகத்தைத் தணித்து, வளைவோடு ஒட்டித் திரும்பி, அதன்பின் விரைவுபடுத்துவர். நுவோலாரியோ வளைவு வருமுன்னரே காரின் மூக்கை உட்புற ஓரத்தை நோக்கித் திருப்பிவிடுவார். நான்கு சில்லுகளும் ஒருங்கே வழுக்க, காற் கட்டையை அழுத்தியபடியே செல்வார். சில்லுகளின் உந்துதல் காரை வெளியே தூக்கியெறியாது தாங்கிக்கொள்ளும். வளைவு முடியுமிடத்திற் கார் நேர்ப்பாதைக்கு முகங்கொடுத்து நிற்கும். இவ்வழுக்கல் தவறினால் விளைவதன்று. எவ்வளவு வழுக்கும் என்பதை முன்னரே அளந்தறிந்து செய்வது.

இத்திறனின் முழுப் பயனையும் 1935 ஜூலை 28இல் உலகம் கண்டது. ஜேர்மனியின் நூர்பர்க்றிங் மலைப்பாதை ஒரு சுற்று சுமார் 22.8 கிலோமீற்றர், அதனை 22 முறை சுற்றவேண்டும். நாற்சி அரசின் ஆதரவோடு மேர்சிடிஸ் பென்ஸ் ஐந்து கார்களையும், ஒட்டோ யூனியன் நான்கையும் இறக்கியிருந்தன. நுவோலாரியின் அல்பா றோமியோ பழைய அமைப்பினது; வலுவிலும் அவற்றிற்கு மிகக் குறைந்தது. மழையில் நனைந்த பாதையிலே தொடக்கத்திற் பின்தங்கினார். பாதி ஓட்டத்துக்குள் முதலிடம் பெற்றார். பெற்றோல் நிரப்ப நின்றவிடத்துப் பம்பு பழுதுபட்டது. இரண்டு நிமிடங்களுக்கு மேல் வீணாகி, மீண்டும் ஆறாமிடம்! ஒவ்வொருவராய் முந்திக் கடைசிச் சுற்றுத் தொடங்கும்போது இரண்டாமிடத்தில் இருந்தார். முன்னே சென்ற பிறவுசிற் என்னும் மேர்சிடிஸ் சாரதி, நுவோலாரிக்கு அஞ்சி ஓட்டிய ஓட்டத்தால் ரயர்கள் தேய்ந்திருந்தன. அவற்றை மாற்ற நிற்கவும் அவர் துணியவில்லை. கடைசிச் சுற்றில் ரயர் வெடித்தது. நாற்பத்திரண்டு வயதினரான நுவோலாரி முதலிற் கோட்டைக் கடந்தார். இரண்டு முதல் ஐந்து வரை வந்தவை யாவும் ஜேர்மன் கார்களே. இவ்வெற்றியை ரயர் தந்த பரிசென்பாருமுளர். அந்த ரயரைத் தேயச் செய்தவர் யார் என்று அவர்கள் எண்ணுவதில்லை.

1938இல் ஒட்டோ யூனியனிலேயே சேர்ந்து, எந்திரம் பின்புறமுள்ள அக்காரையும் வசப்படுத்தி, மொன்சாவிலும் இங்கிலாந்தின் டொனிங்டனிலும் வென்றார்.

அவர் வாழ்விற் பெருந்துயர் பந்தயத்தால் வந்ததன்று. மூத்த மைந்தன் 1937இலும், இளையவன் 1946இலும், பதினெட்டு வயதளவில் நோயால் மாண்டனர். பல்லாண்டு புகையைச் சுவாசித்த அவர்தம் நுரையீரலும் நலிந்தது. அந்நிலையிலே, 1948இல், ஐம்பத்தைந்து வயதில், மீண்டும் மில்லே மிலியா ஓடினார். எந்திர மூடி பறந்தது, ஆசனம் கழன்றது, எனினும் யாவர்க்கும் முன்னே சென்றார். பின் வில் உடைந்தமையால் றெச்சியோ எமிலியா அருகே ஓட்டம் முடிந்தது. வில் உடையாதிருந்தால் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

1950 ஏப்ரிலில் பலேர்மோவில் இறுதியாய்ப் பந்தயம் ஓடினார். 1953 ஆகஸ்ட் 11இல் மந்துவாவிலே காலமானார். அவர் விரும்பியவாறே பந்தய உடையுடன் அடக்கஞ் செய்தனர். ஆயிரக்கணக்கானோர் உடன் நடந்தனர்.