இருமல் சிரப்புக்குள் ஆடாதோடை: யார் இந்த ராம்நாத் சோப்ரா?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால், முடவாட்டுக்கால் சூப்போடு மூலிகைக் கடைகளும் வரவேற்கும். நெஞ்சுச் சளி என்று கேட்டால் ஆடாதோடை, தூதுவளை என்று பதில் வரும். சரி, ஆடாதோடை நிஜமாவே வேலை செய்யுதா? 100 வருஷத்துக்கு முன்பே இந்தக் கேள்வியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனவர் ராம்நாத் சோப்ரா. இந்திய மருந்தியலின் தந்தை என்று அழைக்கப்படுபவர்.

யார் இவர்?

இன்றைய பாகிஸ்தானில் உள்ள குஜ்ரன்வாலாவில் 1882-ல் பிறந்தார். கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்து, ராணுவ மருத்துவராக வேலை பார்த்தார். 1921-ல் கல்கத்தா ஸ்கூல் ஆஃப் டிராபிகல் மெடிசினில் மருந்தியல் பேராசிரியர் ஆனார். நாட்டு மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. செடியில் என்ன ரசாயனம் இருக்கு, அது உடம்பில் என்ன செய்யுது என்று சோதித்துப் பார்த்தார்.

இலையில் என்ன கிடைத்தது?

ஆடாதோடையில் வாசிசின் என்ற ஆல்கலாய்டு இருப்பதை 1888-லேயே எழுதியவர், உதகையில் அரசு வேதியியலாளராக இருந்த டேவிட் ஹூப்பர். 1925-ல் சோப்ராவும் கோஷ் என்ற சக ஆய்வாளரும் வாசிசினைச் சோதித்தார்கள். மூச்சுக்குழாய் கொஞ்சம்தான் விரிந்தது. ஆனால் அந்த விளைவு நீடித்தது.

அப்புறம் என்ன ஆச்சு?

வாசிசினை முன்மாதிரியாக வைத்து ஐரோப்பாவில் புரோம்ஹெக்சின் உருவானது. 1963-ல் விற்பனைக்கு வந்தது. அது உடலுக்குள் போய் மாறும் வடிவம்தான் ஆம்ப்ராக்சால். இரண்டுமே கெட்டிச் சளியை இளக்கி வெளியேற்ற உதவும். வீட்டில் இருக்கும் சளி சிரப்பின் லேபிளைப் பாருங்க, இதில் ஒரு பெயர் இருக்கலாம்.

போலி, தரமற்ற மருந்துகள் பற்றி விசாரித்த 1930-31 குழுவுக்கும் சோப்ராதான் தலைவர். 1940-ன் மருந்துச் சட்டத்துக்கு அடித்தளம் போட்டது அந்த அறிக்கை. 1973-ல், 90 வயதில் மறைந்தார்.

அப்போ கஷாயமே போதுமா?

போதாது. வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்க வைக்கும் தன்மையும் உண்டு. கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தவிர்க்க வேண்டும். இருமல் 2 வாரத்தைத் தாண்டினால் முதலில் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்க. இலையானாலும் மாத்திரையானாலும், சோதித்துப் பார்த்த பிறகே நம்பணும் என்பதுதான் சோப்ரா காட்டிய வழி.