தாயும் அரசரும் தடுத்தபோது



ஓரியூருக்குத் திருயாத்திரை போனவர்கள் ஒரு பிடி செம்மண்ணையாவது முந்தானையில் முடிந்துகொண்டு வருவீர்கள். அந்த மண்ணில் இரத்தம் சிந்திய அர்ச். அருளானந்தர் வாளுக்கு அஞ்சாதவர் என்று அறிவீர்கள். ஆனால் வாளைவிடப் பொல்லாத சோதனைகள் அவருக்கு வந்ததுண்டு. அவை தாயின் கண்ணீராகவும் சிநேகிதரின் உபசாரமாகவும் வந்தன.

போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகரில் 1647-ல் உயர்குடியில் பிறந்தவர் அவர். இயற்பெயர் ஜான் தெ பிரிட்டோ. தந்தை பிரேசிலில் அதிகாரியாயிருந்து காலஞ்சென்றார். பிள்ளை அரண்மனையில் இளவரசர் பேத்ருவோடு வளர்ந்தான். ஒருமுறை கடும் நோயில் விழுந்தபோது தாயார் அர்ச். சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். நேர்ச்சைப்படி ஓராண்டு சேசுசபையாரின் அங்கியை அவனுக்கு உடுத்தினார். நேர்ச்சை ஓராண்டோடு தீர்ந்தது. பிள்ளையின் ஆசையோ தீரவில்லை. 1662-ல், 15 வயதில், அதே சபையில் சேர்ந்துவிட்டான்.

தேவ அழைத்தல் இந்தியாவுக்கு என்று தெளிவானபோது, தடுத்தவர் அங்கி உடுத்திய அதே தாயார்தான். பாப்பானவருடைய ஸ்தானாபதி வரையில் போய் மன்றாடினார். அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. விதவைத் தாய் வேறென்ன செய்வாள்? மகன் அன்பு குறையாமலே 1673-ல் கப்பல் ஏறினார்.

மதுரை மிஷனில் பண்டாரசுவாமியாகக் காவியுடுத்தி, மரக்கறி உண்டு, ஊர் ஊராய் நடந்தார். 1686-ல் மறவர் சீமையில் பிடிபட்டு, கொடிய வாதனைக்குள்ளானார். கிழவன் சேதுபதி அவரை விடுவித்தார். இனி இந்நாட்டில் வேதம் போதிக்கலாகாது என்றும் கட்டளையிட்டார். பின்னர் மேலதிகாரிகள் மிஷன் காரியமாக அவரை ஐரோப்பாவுக்கு அனுப்ப, லிஸ்பன் சேர்ந்தார்.

அங்கேதான் பெரிய சோதனை காத்திருந்தது. பால்ய சிநேகிதர் பேத்ரு இப்போது அரசர். தம் மகனுக்கு ஆசிரியராக இங்கேயே தங்கும்படி வேண்டினார். யோசித்துப் பாருங்கள்: நாளைய அரசனைப் பக்தியில் வளர்ப்பது பாவமா? தாயாரும் பக்கத்தில் இருப்பார். நம்மைப்போன்றவர்கள் அதையே தேவசித்தம் என்று சொல்லி நிம்மதியாக உட்கார்ந்திருப்போம். தாம் பெற்ற கட்டளை எதுவென்று அவருக்குத் தெரியும். 1690-ல் மறுபடி இந்தியா வந்தார். 1691-ல், தடை விதிக்கப்பட்ட அதே மறவர் சீமைக்குள் நுழைந்தார்.

அச்சீமையில் தடியத்தேவர் என்ற பிரபு நோயுற்றிருந்தார். உபதேசியார் ஒருவர் வந்து சுவிசேஷம் வாசிக்கக் குணமடைந்து, ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். இளையவளோ சேதுபதியின் உறவுப்பெண். ஒருத்தியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் என்ன நேரும் என்பது சுவாமிக்குத் தெரியாததல்ல. "காலம் வரட்டும்" என்று தள்ளிப்போடலாம். பிரபுவின் ஆதரவு மிஷனுக்கு எத்தனை உபகாரம்! அருளானந்தர் வேத கற்பனையில் ஒரு புள்ளியும் குறைக்கவில்லை. தடியத்தேவரும் பின்வாங்கவில்லை, மற்ற மனைவியருக்குப் பராமரிப்பு அளித்து விலக்கினார். 1693 ஜனவரி மாதம் மூன்று அரசர் திருநாளன்று ஞானஸ்நானம் பெற்றார்.

இளையவள் அரசரிடம் அழுதுகொண்டு ஓடினாள். இரண்டே நாளில் சுவாமி கைதானார். மை கிடையாத சிறையில் கரியைக் கொண்டு தம் சகோதர குருக்களுக்கு விடைபெறும் கடிதம் எழுதினார். பிப்ரவரி 4-ந் தேதி, விபூதிப் புதன், ஓரியூரில் வெட்டுபவனைத் தழுவிக்கொண்டு தலை கொடுத்தார். 1947-ல் திருச்சபை அவரை அர்ச்சியசிஷ்டராக உயர்த்தியது.

செய்தி லிஸ்பனை எட்டியதும் அரசர் பேத்ரு நன்றி வழிபாடு நடத்த உத்தரவிட்டார். அன்று அம்முதிய தாயாரும் அங்கு வந்தார். மகன் கப்பலேறாதபடி ஸ்தானாபதியிடம் மன்றாடிய அதே தாயார், துக்க உடையில் அல்ல, திருநாள் உடை உடுத்தி வந்து நின்றார்.